ஐந்தாவது கேள்வி

செத்த பிறகும் என்னைச் சும்மா இருக்கவிடாத என் மரகதக்காவுக்கு,

உன் புத்தகம் வந்துவிட்டது அக்கா. அட்டையில் உன் கறுப்பினப் பாடகி லூயெல்லா மைக் முன்னால் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். நீ கேட்ட அதே மஞ்சள் கவுன், என் மகள் யாழினி வரைந்து கொடுத்தாள். நம் அமெரிக்கக் கேட்டி ஊர்த் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நீ எழுதிய முப்பத்திரண்டு பக்கமும் பெரிய எழுத்தில், வழவழவென்று இருக்கிறது. பார்க்க நீ இல்லாமல் போய்விட்டாயே, பாவி மகளே.

கடைசிப் பக்கத்தில் பயிற்சி என்று ஐந்து கேள்வி வைத்திருந்தாய். அச்சில் நாலுதான் இருக்கிறது. ஐந்தாவதைக் கமிட்டிதான் எடுத்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எடுத்தது நான். நீ கீமோவுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, ஃபைலைத் திறந்து, அதை அழித்து, பிரிண்டிங்குக்கு அனுப்பியவள் நான்தான். அடுத்த நாள் நீ போனில் கேட்டாய்: "கடைசியா ஒரு தடவை பாத்தியாடி?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்தேன்கா, எல்லாம் சரியா இருக்கு."

பள்ளித் தலைவர் சேகர் சார் அந்தச் சனிக்கிழமைக்கு முன்தினம் கூப்பிட்டிருந்தார். "லூயெல்லா கதை சூப்பர் மேடம். அந்த ஹோட்டல் மேடையில பாட வச்சாங்க, அதே ஹோட்டல்ல ஒரு ரூம் குடுக்கல, கிச்சன் வழியா உள்ள வரச் சொன்னாங்க. படிக்கறப்ப எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. ஆனா இதுல நம்ம ஊர் விஷயம் எதுக்கு? பசங்க இங்க பொறந்ததுங்க. அதெல்லாம் தெரியாமலே வளந்துட்டுப் போகட்டுமே." அவர் கலங்கியது நிஜம்தான் அக்கா. வெள்ளைக்காரன் சாத்திய கதவுக்கு அழ நம் ஆட்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நானும் "சரி சார்" என்றேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

நீ கேட்டது இதுதானே: "உங்கள் அப்பா அம்மா ஊரில் யாரெல்லாம் பின்வாசல் வழியாக வர வேண்டியிருந்தது? வீட்டில் கேட்டு எழுதுக." அதன் கீழே பொடி எழுத்தில்: "எடுத்துக்காட்டு: என் அம்மா. சாவு வீடுகளில் ஒப்பாரி பாடுவார். வீட்டுக்குள் விடமாட்டார்கள். கூலியும் சோறும் கொல்லைப்புறத்தில்தான் கிடைக்கும்."

அதை ஃபைலில் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. பதினோரு வருஷம் ஒரே காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அலைந்திருக்கிறோம். ஆளுக்கொரு சமையல் கொண்டுவரும் பாட்லக்கில் யாராவது ஆன்ட்டி உன்னிடம் நைசாக ஆரம்பிப்பார்: "எந்த ஊரும்மா? ஊர்ல எந்தப் பக்கம்?" நீ சிரித்துக்கொண்டே, "கேட்டிதான் ஆன்ட்டி, ஃப்ரீவேக்கு இந்தப் பக்கம்" என்பாய். நானும் விழுந்து விழுந்து சிரிப்பேன். அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்கும் நன்றாகவே தெரியும். நான் உன்னை அப்படி ஒருநாளும் கேட்டதில்லை, அதையே பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ சொல்ல நினைத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்ட நாள் ஏதாவது உண்டா?

மாட்டிவிட்டது யாழினிதான். படம் வரைவதற்காக உன் கைப்பிரதியைப் படித்தவள் அல்லவா. புத்தகப் பெட்டி வந்த அன்றைக்கே காரில் ஆரம்பித்துவிட்டாள், "அஞ்சாவது கொஸ்டின் எங்க?" என்று. இடம் பத்தவில்லை என்றேன். "ஹாஃப் த பேஜ் ஈஸ் எம்ப்டி அம்மா," என்று பிரித்துக் காட்டினாள். பன்னிரண்டு வயசு, பொய்யைக் கண்டுபிடிப்பதில் போலீஸ். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப உங்க வீட்ல யாரு வந்தாங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன். என் தாத்தா இறந்த அன்றைக்கு ஒரு அம்மா வந்து பந்தலுக்கு வெளியே நின்று பாடினார். காலையிலிருந்து வெயில் ஏறும்வரை பாடினார். கல்லு மாதிரி நின்ற எங்கள் அப்பாவே அந்தக் குரலைக் கேட்டுத்தான் உடைந்து அழுதார். பிறகு அந்த அம்மாவைச் சந்து வழியாகப் பின்னால் போகச் சொல்லி, துணியை விரிக்கச் சொல்லிச் சோற்றைப் போட்டார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டவள் நான்தான்.

"வாட் வாஸ் ஹெர் நேம்?" என்றாள் யாழினி.

எனக்குத் தெரியாது அக்கா. எங்கள் வீட்டுச் சாவுக்கு எங்களை அழவைத்தவரின் பேர் எனக்குத் தெரியாது. லூயெல்லாவை எந்த ஹோட்டல், எந்தக் கதவு வழியாக விட்டது என்று முப்பத்திரண்டு பக்கமும் எனக்கு மனப்பாடம்.

அன்றைக்கே சேகர் சாரைக் கூப்பிட்டு, நான் அழித்தது தப்பு என்று சொன்னேன். ஐந்தாவது கேள்வியை ஸ்டிக்கரில் அச்சடித்து எல்லாப் புத்தகத்திலும் ஒட்டப்போகிறேன் என்றேன். "ஒட்டினீங்கன்னா ஆண்டு விழா மேடையில குடுக்க முடியாது மேடம்," என்றார். "பரவால்ல சார், பார்க்கிங் லாட்ல குடுக்கறேன்," என்றேன். நானும் யாழினியும் உட்கார்ந்து ஒட்டினோம். சிலது கோணல்மாணலாகத்தான் இருக்கிறது, திட்டாதே.

போன ஞாயிறு பள்ளி பார்க்கிங் லாட்டில் காரின் டிரங்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். சில பேர் வாங்கினார்கள். சில பேர் போனில் முக்கியமாக ஏதோ வந்த மாதிரி குனிந்துகொண்டு நடந்தார்கள். ஒரு அப்பா வாங்கிக்கொண்டு போய், அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கசக்கிப் போட்டுவிட்டுக் காரில் ஏறினார். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆன்ட்டி ஒருவர் என் கையைப் பிடித்துத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "உனக்கெதுக்கு கோமதி இந்த வேலை? நீ நம்ம ஆளுதானே!"

"அதனாலதான் ஆன்ட்டி," என்றேன்.

வீட்டுக்கு வருவதற்குள் பள்ளி டீச்சர்கள் வாட்ஸ்ஆப் குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் திரும்பச் சேர்ப்பார்களாம். நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது ஒரே ஒரு ஆளிடம்தான். அந்த ஆள் ஃபாரஸ்ட் லான் கல்லறையில் படுத்திருக்கிறாள். என்னை மன்னித்துவிடு அக்கா. மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, நான் நிறுத்துவதாக இல்லை.

அண்ணனுக்குப் போன் போட்டு அந்த அம்மாவின் பேரைக் கேட்டேன். "அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்றான். அவர் வீட்டில் ஞாபகம் இருக்கும். டிசம்பரில் யாழினியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறேன். அவர் தெருவுக்கு நடந்து போய், வாசலில் நின்று கேட்கப்போகிறேன். உள்ளே கூப்பிட்டால் போவேன். வாசலோடு போகச் சொன்னால் அதையும் வாங்கிக்கொண்டு வருவேன்.

இது சத்தியம் அக்கா: அடுத்த அச்சில் ஐந்தாவது கேள்வி இருக்கும். உன் அம்மாவைப் பற்றி நீ எழுதியது ஒரு எழுத்து மாறாமல் இருக்கும். அதற்குக் கீழே இரண்டாவது எடுத்துக்காட்டை நான் எழுதுவேன். அதில் அந்த அம்மாவின் பேர் இருக்கும். அவரை உள்ளே விடாத வீடு யார் வீடு என்று என் அப்பா பேரும், வாளி தூக்கியவள் என்று என் பேரும் இருக்கும்.

உன் தங்கச்சி,
கோமதி