ஓரகத்திக்குக் கிடைத்தது, எனக்கு மறுக்கப்பட்டது

அனுப்புநர்:
டெல்மி ஒசோர்தோ,
பின்வாசல் அறை, சான் எலோய்,
டெக்சாஸ்.

பெறுநர்:
தலைமை நீதிபதி அவர்கள்,
குடியேற்ற நீதிமன்றங்கள்.

பொருள்: ஒரே கொலைக்கு இரண்டு விதத் தீர்ப்பு – வேலை போய்விடுமோ என்று அஞ்சாத நீதிபதி முன் மறுவிசாரணை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஹோண்டுராஸில் என் கணவர் பேருந்து ஓட்டினார். அவர் தம்பி அதே பேருந்தில் நடத்துநர். மாமூல் கொடுக்க மறுத்ததற்காக ரவுடிக் கும்பல் இருவரையும் அந்தப் பேருந்திலேயே சுட்டுக் கொன்றது. அடுத்து எங்களைத் தேடி வந்தார்கள். ஓரகத்தி தன் மகளைத் தூக்கிக்கொண்டும் நான் வயிற்றுப் பிள்ளையோடும் ஒன்றாகவே இங்கு வந்து சேர்ந்தோம்.

2. இருவரும் ஒரே வக்கீலிடம் போயிருக்கலாம். எங்களுக்குள் ஒத்துப்போகாது. வழியில் ஒரு தண்ணீர்க் கேனுக்காகச் சண்டை போட்டு, அவள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று நான் தனி வக்கீல் பிடித்தேன். அதனால், நான்கு வருடம் காத்திருந்தபின், இந்த ஆண்டு ஒரே நீதிபதி அம்மையாரிடம் எங்களுக்குத் தனித்தனித் தேதி விழுந்தது. அவளுக்கு மார்ச், எனக்கு ஜூன்.

3. அம்மையார் அவளைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் துளைத்தெடுத்துவிட்டு, முடிவில் புகலிடம் கொடுத்தார். மே மாதம் அம்மையாரையே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நிறையப் பேருக்கு வாழ்வு கொடுத்ததுதான் காரணம் என்று நீதிமன்ற வராந்தாவில் பேசிக்கொள்கிறார்கள். உண்மை எனக்குத் தெரியாது. புதிதாக வந்த நீதிபதி என் கணவரின் இறப்புச் சான்றிதழைப் புரட்டக்கூட இல்லை. நான் அழுதபோது, மொழிபெயர்ப்பாளர் வழியாக, "என் கையில என்னம்மா இருக்கு?" என்றார். நாட்டை விட்டு வெளியேற உத்தரவும் போட்டார்.

4. என்னை அனுப்பச் சொல்லி வாதாடும் வக்கீலுக்கும், தீர்ப்புச் சொல்லும் நீதிபதிக்கும் ஒரே அரசாங்கம்தான் எஜமான். குடியேற்ற நீதிமன்றங்களை அரசாங்கத்திடமிருந்து பிரித்துத் தனியாக்கலாமா என்று தொலைக்காட்சியில் கோட்டுப் போட்டவர்கள் விவாதிக்கிறார்கள். முன்பக்கம் ஓரகத்தியும் பின்பக்கம் நானும் குடியிருக்கும் எங்கள் வீட்டில் அந்த விவாதம் அடுப்படியில் நடக்கிறது.

5. ஐயா, ஒளிக்காமல் எழுதுகிறேன். எனக்கு வயிறு எரிகிறது. அவள் தீர்ப்புக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். அவள் மகள் பாடிக்கொண்டே பள்ளிக்குப் போகிறாள். இங்கேயே பிறந்து இந்த நாட்டுக் குடிமகனான என் மகனோ வாசலில் வண்டி நின்றால் கட்டிலுக்கடியில் நுழைகிறான். போன வாரம் அவள் எங்கள் ஊர் ரொட்டியான பாலேயாடா சுட்டுக் கொண்டுவந்து, "என்னையே முறைச்சுப் பாத்தா உனக்குப் பேப்பர் வந்துடுமாக்கா? ஆறிப்போகுது, தின்னு" என்றாள். தட்டை மகன் பக்கம் தள்ளினேன். அவள் புருஷன் செத்தது சாவு, என் புருஷன் செத்தது சாவில்லையா?

6. அவள் தீர்ப்பின் நகலை இணைத்திருந்தால் என் மனுவுக்கு அதைவிடப் பெரிய சாட்சி இருந்திருக்காது. "உங்க ஓரகத்தி ஃபைலையும் தோண்டுவாங்கம்மா, யோசிச்சுக்கோங்க" என்றார் வக்கீல். யோசித்தேன். இணைக்கவில்லை. அவள் பெயரையும் எழுதவில்லை.

ஆகவே, அவளைக் கேட்ட அதே கேள்விகளை என்னையும் கேட்கக்கூடிய, தீர்ப்புக்காக வேலை போகாது என்ற நிம்மதியுள்ள ஒரு நீதிபதி முன் என்னை நிறுத்துமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இரண்டையும் சமமாக்குகிறோம் என்று அவளுடையதைப் பிடுங்குவதாக இருந்தால், இந்த மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு என்னை மட்டும் அனுப்புங்கள். என் மகனை நான் அவளிடம்தான் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

இடம்: சான் எலோய்
நாள்: ஆகஸ்ட் 11

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
டெல்மி ஒசோர்தோ