தூரமோ என்று கேட்ட குரல்

அண்ணை,

உங்கள் ஹெல்மெற் என் மேசையில் இருக்கிறது. செத்தவீட்டன்று உங்கள் மனைவி என் கையில் தந்தது. வீட்டில் வைத்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. எனக்கும் இத்தனை நாள் பொலிஸ் நிலைய அலுமாரியிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. இன்று மத்தியானம் எடுத்தேன். நீங்கள் நெற்றியில் பூசும் தைலத்தின் மணம் இன்னும் உள்ளே இருக்கிறது. நீங்கள்தான் என்று நம்புவதற்கு இன்று எனக்கு இது ஒன்றுதான் மிச்சம். ஏன் என்று சொல்கிறேன்.

பொலிசில் சேர்ந்தபோது கள்ளன் என்றால் மதில் ஏறிக் குதிப்பவன் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். மனிதனே இல்லாத ஒரு கள்ளனைத் தேடி, உங்கள் மோட்டார் சைக்கிளின் பின்னால் குந்தியபடி குடாநாடு முழுக்க அலைவேன் என்று யார் கண்டது? வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இணையத்தில் போட்ட காணொளிகளிலிருந்து குரலை எடுத்து, ஏதோ ஒரு கணினி அந்தப் பிள்ளைகளாகவே இங்கே தாய் தகப்பனோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தது. சாப்பாடு, முழங்கால் நோ, கோயில் திருவிழா எல்லாம் விசாரிக்கும். அவர்கள் எப்போது வெளியே போவார்கள் என்று அறிந்துகொள்ளும். திரும்பி வரும்போது வீடு துடைத்துக் கிடக்கும்.

சாவகச்சேரிப் பெரியவரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இடையில் வீடு திரும்பியவரைக் கள்ளர் தள்ளி விழுத்தியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்கள் கையைப் பிடித்து, “மகனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, பாவம், அவன் ஒவ்வொரு நாளும் எடுக்கிறவன்” என்றார். உண்மையான மகன் அவரோடு கதைத்தே பல வருடம். அதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று எனக்குக் கண் காட்டினீர்கள். அவரும் அறியாமலே போய்ச் சேர்ந்தார். வெளியே வந்து நீங்கள் அழுததை நான் யாருக்கும் சொல்லவில்லை.

வழி காட்டியது மானிப்பாயில் தனியே இருந்த அந்த அம்மாதான். கோயிலுக்கு வெளிக்கிட்டுப் படலையைத் திறந்தவரிடம் தொலைபேசியில் மகனின் குரல் ‘எங்கை போறியள் அம்மா?’ என்று கேட்டிருக்கிறது. வெளிக்கிடுகிறவரை மறித்து அப்படிக் கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்று நம்புகிற ஊர் எங்களுடையது. அவர் சகுனம் பிழைத்துவிட்டது என்று திரும்பி வந்து, இருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அப்போதுதான் பின்வேலியைப் பிரித்துக்கொண்டு இரண்டு பேர் உள்ளே வருவதைக் கண்டு கத்தினார். அயலவர் ஓடி வந்து பிடித்துக் கட்டிவைத்தார்கள்.

“நான் பெத்த பிள்ளை உப்பிடிக் கேக்காது. தூரமோ எண்டெல்லோ கேக்கும்” என்று அவர் சொன்னபோது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சின்னப்பிள்ளை மாதிரிச் சந்தோஷப்பட்டீர்கள். ஊர் ஊராகப் போய், எங்கே என்று கேட்கும் குரல் உங்கள் பிள்ளை இல்லை என்று சொல்லி வைத்தோம். களவும் நின்றது.

பிடிபட்டவர்களுக்கோ தங்களை ஏவியது யார் என்று தெரியாது. ஒருவனுக்குத் தமையனின் குரலில் கட்டளை வந்ததாம். மற்றவனுக்குப் பழைய முதலாளியின் குரலில். பிடிபட்ட அன்று பின்னேரம் அவர்களிடம் பறித்த தொலைபேசி உங்கள் மேசையில் அலறியது. வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல எடுத்தீர்கள். உங்கள் கோபம் எனக்குத் தெரிந்ததுதானே.

“உனக்கு எல்லாம் தெரியும் எண்டு நினைப்போ? வெளிக்கிடுறவையை நாங்கள் எங்கை எண்டு கேக்கிறேல்லை. தூரமோ எண்டுதான் கேப்பம். உதை உனக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது?” என்றீர்கள். அதோடு விட்டீர்களா? சாவகச்சேரிப் பெரியவருக்கும் சேர்த்து நெடுநேரம் ஏசினீர்கள். மறுபக்கம் ஒரு சத்தம் இல்லை. இடையில் என் பக்கம் திரும்பி, “பிள்ளை, உது மூச்சும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கு” என்று சிரித்தீர்கள். கடைசியில் அது “ஓம் அண்ணை” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தது. அந்த மாதமே மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது.

இன்று அந்த இருவரின் வழக்கு. மானிப்பாய் அம்மாதான் சாட்சி. நான் நீதிமன்றத்துக்கு வெளிக்கிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எந்த யோசனையும் இல்லாமல் எடுத்தேன்.

“வெளிக்கிட்டாச்சோ பிள்ளை? தூரமோ?”

நீங்கள்தான் அண்ணை. சொல்லின் முடிவில் வரும் அந்தச் சின்னச் செருமல் உட்பட நீங்கள்தான்.

“ஓம் அண்ணை, கோட்டுக்கு. மானிப்பாய் அம்மாவையும் ஏத்திக்கொண்டு போறன்” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உங்களை எரித்தது ஞாபகம் வந்தது. மறுபக்கம் “நல்லது பிள்ளை” என்று வைத்துவிட்டது. எத்தனையோ பேருக்கு எச்சரிக்கை சொன்ன நான், அது கேட்காததையும் சேர்த்துச் சொல்லியிருந்தேன்.

மானிப்பாய்க்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை. அம்மா நல்ல சேலை உடுத்துப் படலையடியில் நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“மகன் எடுத்தவன் பிள்ளை. இந்த முறை அவனேதான். தூரமோ எண்டு கேட்டவன். வாகனம் அனுப்புறானாம், அதிலை ஏறட்டாம்.”

அவரை இழுத்துக்கொண்டு நேரே நிலையத்துக்கு வந்தேன். வழக்கைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அந்த வாகனம் வந்ததா, யார் வந்தார்கள் என்று இன்னும் தெரியாது. அம்மா இப்போது உங்கள் கதிரையில் இருக்கிறார். மகன் என்ன நினைப்பானோ என்று இடைக்கிடை கவலைப்படுகிறார். இனி எதைக் கேட்டு யாரை நம்பச் சொல்லுவது என்று எனக்குத் தெரியவில்லை அண்ணை.

இதை எழுதும்போது தொலைபேசி மறுபடியும் அடிக்கிறது. அதே இலக்கம். அம்மா என் முகத்தைப் பார்க்கிறார். நான் உங்கள் ஹெல்மெற்றை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எடுக்கமாட்டேன். ஆனால் எடுத்து இன்னுமொருமுறை உங்களோடு கதைக்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா?