கோடரியைப் புதைத்த வாரம்

27-1-1958
விழுப்புரம் பள்ளியில் இன்று இங்கிலீஷ் டீச்சர் ஆளுக்கொரு சொற்றொடர் கொடுத்தார். பொருளும் அது பிறந்த கதையும் வெள்ளிக்கிழமை வகுப்பில் சொல்ல வேண்டும். எனக்கு ‘பரி த ஹாச்செட்’. கோடரியைப் புதைப்பது, அதாவது பகையை விடுவது.

28-1-1958
நூலகத்துத் தடிப் புத்தகத்தில் இருந்தது. வட அமெரிக்கப் பழங்குடிகள் சமாதானம் செய்யும்போது கோடரிகளை மெய்யாகவே மண்ணில் புதைப்பார்களாம்!

எங்கள் வீட்டுக் கோடரி நினைவுக்கு வந்தது. பொது வரப்பில் நின்ற பூவரசை, பெரியப்பாவைக் கேட்காமல் அப்பா அந்தக் கோடரியால்தான் வெட்டினார். பத்து மாதமாக இருவரும் பேசுவதில்லை. அடுத்த வியாழன் திண்டிவனத்தில், மாப்பிள்ளை வீட்டில், அம்சா அக்காவுக்கு நிச்சயம். மூத்தவர் வராமல் எப்படித் தட்டு மாற்றுவது? அக்கா தினமும் அழுகிறாள்.

30-1-1958
புதைத்துவிட்டேன். பூவரசின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில், முழ ஆழத்தில்.

31-1-1958
வகுப்பில் நன்றாகப் பேசினேன். எங்கள் ஊர் கெடாருக்குத் திரும்பி வந்தால் — ஐயோ. கோடரியைக் காணோமென்று அப்பா குதிக்கிறார். “அண்ணன்தான் எடுத்துக்கினு போயிருப்பாரு. மரத்துக்குப் பழி வாங்குறாரு!” நான் என்ன நினைச்சேன், என்ன நடக்குது? சொல்லிடணும். பயமா இருக்கு.

1-2-1958
காலையில் அப்பா பெரியப்பா வாசலுக்கே போய்ச் சத்தம் போட்டார். நான் பின்னாலேயே ஓடி, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

“யாரு ஒனக்கு இதச் சொன்னது?” என்றார் பெரியப்பா.

“இங்கிலீஷ் புஸ்தகத்துல இருக்குது பெரியப்பா.”

“அதுல கோடாலி மட்டுந்தானா? ஒங்கப்பன் வாயயும் சேத்துப் பொதைன்னு போடலியா?”

அப்பா அடக்கிப் பார்த்தார். முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “கேக்காம வெட்டினது தப்புதாண்ணே” என்றார். பெரியப்பா உள்ளே போய்விட்டார்.

4-2-1958
நிச்சயத்துக்குப் பெரியப்பா வருவாரா என்று இன்னும் தெரியவில்லை.

6-2-1958
விடிந்ததும் பஸ்ஸுக்குப் போனோம். எங்களுக்கு முன்பே சலவை வேட்டியோடு பெரியப்பா நின்றிருந்தார். “பொண்ணு வூட்டுக்காரங்களே இப்டி ஆடி அசஞ்சு வந்தா எப்டி? ஜல்தி ஏறுங்க.”

திண்டிவனத்தில் தட்டை வாங்கியது அவர்தான். “பொண்ணுக்கு நீங்க என்ன வேணுங்க?” என்று யாரோ கேட்டார்கள். “மூத்த அப்பன்” என்றார். அப்பா அவருடைய மேல்துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.