டாங்கில் நெருப்பு வைக்காதீர்கள்

மாமா,

படகின் பெட்ரோல் டாங்கில் வெல்டிங் வைக்காதீர்கள். டாங்க் காலிதான்; ஆனால் உள்ளே பெட்ரோல் ஆவி நிற்கிறது. ஒரு பொறி பட்டால் வெடிக்கும். நேற்று இதைச் சொன்னதற்கு, "படிச்ச திமிரு! எம் பொண்ணோட படகு, ஓட்டைய அடைக்க எனக்குத் தெரியாதா?" என்று கத்தினீர்கள். உங்கள் பெண் என் மனைவி, மறந்துவிட்டீர்களா? அவள் இறந்தபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை. உங்கள் மேல் கோபம் மட்டும் நன்றாக வருகிறது. இந்த வீட்டில் இன்னொரு சாவை என்னால் பார்க்க முடியாது.

சாப்பாடு மேஜைமேல் மூடியிருக்கிறது.

வெல்டிங் மெஷின் கேபிளைத் தேடாதீர்கள். என் பையில் இருக்கிறது. பக்கத்து வீட்டிலும் கொடுக்க மாட்டார்கள், சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் நான் வந்ததும் டாங்கைப் பட்டறைக்குக் கொண்டுபோவோம்; அங்கே ஆவி போகக் கழுவிவிட்டு அடைப்பார்கள். அதுவரை போனில் திட்டுங்கள். எத்தனை தடவை கூப்பிட்டாலும் எடுப்பேன்.