பதினான்கும் இருபத்தொன்றும்

டிக்கோயா
17.06.2003

அன்புள்ள மகள் கஜனி,

நீ நலமா என்று கேட்க எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா? பகல் முழுக்க யோசித்தேன், விடை தெரியவில்லை. தெரியாமலே கேட்கிறேன். நீயும் வயிற்றிலுள்ள பிள்ளையும் மருமகன் கோபியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. மழை தொடங்கி ஒன்பது நாள், உடுப்புகள் காயாமல் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டிருக்கிறேன். தம்பி வழக்கம்போலப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்குப் போய்வருகிறான். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை அங்கே விட்டுப் போக, இவன் தொட்டில்களை ஆட்டுகிறான். அங்கே ஆயாவாக இருக்கும் பேச்சியம்மா நேற்று என்னை வழியில் மறித்து, டீச்சரம்மா, தொரைக்கு மட்டும் தெரிஞ்சிச்சின்னா என்னைய வீட்டுக்கு அனுப்பிட்டு நம்ம றமணனையே ஆயாவா போட்ருவாருங்க என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டாய், தம்பிக்கு எப்போதாவது குரோமோசோம், நான் படிப்பிக்கும் சொல்லில் நிறமூர்த்தம், பார்த்தீர்களா என்று. இல்லை என்றேன். அது பொய். அவனுக்கு இரண்டு வயதில், அப்பா வவுனியாவில் வேலையாக இருந்த காலத்தில், நான் தனியாக அவனைக் கண்டிக்குக் கொண்டுபோய் ஒரு டொக்டரிடம் காட்டினேன். அவர் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். அறிக்கை பாடசாலை முகவரிக்கு வந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள மற்றப் பிள்ளைகளைப் போலத் தம்பிக்கு இருபத்தோராவது நிறமூர்த்தம் சும்மா ஒன்று கூடிப்போகவில்லை. அது பதினான்காவதோடு மையப்பாத்தில், அந்த நடு இடுக்கில், ஒட்டியிருக்கிறது; இப்படி ஒட்டியது வெளியே ஒரு குறையும் காட்டாத தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வந்திருக்கலாம். தாய் தகப்பன் இருவரும் உடனே இரத்தம் கொடுக்க வேண்டும், மூத்த பிள்ளையையும் பிறகு பார்க்க வேண்டும் என்று டொக்டர் கீழே எழுதியிருந்தார். நான் போகவில்லை. என்னிடம் இருக்கிறது என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் ஒன்றுதான் காரணம், வேறு எதையும் சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொள்ள மாட்டேன். அப்பாவிடமும் சொல்லவில்லை. அந்தத் தாளை என் சாதகக் கொப்பிக்குள் வைத்தேன். சாதகம் பார்க்காதவளின் சாதகத்தை யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள்? உன் கலியாணம் பேசியபோது சம்பந்தியம்மா தயங்கித் தயங்கி, தம்பியார் ஏன் இப்பிடிப் பிறந்தவர் எண்டு கேக்கிறன், குறை நினையாதேங்கோ என்றா. இது பரம்பரையில் வராது, எழுநூறு பிள்ளைகளில் ஒன்றுக்குத் தற்செயலாக நடப்பது என்றேன். நீங்கள் படிச்ச ஆள், நீங்கள் சொன்னால் சரிதானே என்று உடனே நம்பிவிட்டா. பல்கலைக்கழகத்தில் நான் படித்த தாவரவியல் எனக்கு அன்றைக்கு அந்த வேலைக்குத்தான் உதவியது.

போன வருடம் உன் ஆய்வைப் பற்றி எழுதியிருந்தாய், நினைவிருக்கும். விலங்கானாலும் தாவரமானாலும் உயிர்க்கலம் பிரியும்போது கதிர்நார் என்ற இழை நிறமூர்த்தத்தை மையப்பாத்தில்தான் பிடித்து இழுக்கிறது. வேலை மாறாவிட்டால் அதைச் செய்யும் புரதமும் மாறாது என்றுதான் நான் படித்தேன், வெங்காய வேரை நசுக்கிச் சாயமூட்டி உனக்கும் அப்படித்தான் காட்டினேன். ஆனால் பழ ஈக்களிலும் உன் கடுகுச் செடியின் உறவுகளிலும் அந்தப் புரதம் இனத்துக்கு இனம் வேகமாக மாறியிருக்கிறது என்று எழுதினாய். ஆணில் கலம் பிரிந்து வரும் நான்கு பங்கும் பிழைக்கின்றன, பெண்ணில் நான்கில் ஒன்றுதான் முட்டையாகிறது, அந்த ஓர் இடத்தைப் பிடிக்க மையப்பாத்துகளுக்குள் போட்டி, அந்தப் போட்டியால் வரும் கேட்டை அடக்கத்தான் புரதம் மாறிக்கொண்டே இருக்கிறது என்று விளக்கினாய். இது வெறும் கருதுகோள், நிரூபணம் எங்கே என்று இரண்டு பக்கம் உன்னோடு வாதாடினேன். உன் கடிதத்தின் கடைசியில் இன்னொரு வரி இருந்தது. மனிதரிலும், ஒட்டிய நிறமூர்த்தமுள்ள தாய்மாரிடமிருந்து அது பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போகிறது, தகப்பன்மாரிடமிருந்து அப்படிப் போவதில்லை என்று. அந்த வரிக்கு மட்டும் நான் பதில் எழுதவில்லை. நீ கவனித்திருக்க மாட்டாய்.

பிறகு ஐப்பசியில் உன் முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் கலைந்தது. அங்குள்ள டொக்டர் தற்செயல் என்றார். நானும் தற்செயல் என்றேன், கஜனி. அந்த ஒட்டு உள்ள தாய்க்குக் கரு கலைவதும் உண்டு என்று தெரிந்தும் கூசாமல் சொன்னேன். ஒட்டு தம்பியோடு புதிதாக உண்டானதாக இருக்கலாம், என்னிடம் இல்லாமலும் இருக்கலாம், அப்பாவிடமிருந்தும் வந்திருக்கலாம். ஒரு குழாய் இரத்தம் கொடுத்திருந்தால் பதினேழு வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். இப்போது நீ பத்தாவது கிழமையில் இருக்கிறாய், இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது பன்னிரண்டு ஆகிவிடும். அதனால் நாளை காலை ஹற்றனுக்குப் போய் அறிக்கையை மட்டும் உன் ஆய்வுகூடத்துக்கு ஃபக்ஸில் அனுப்பப் போகிறேன். அதில் ஒரு சொல்லும் எழுத மாட்டேன், மற்றவர்கள் பார்ப்பார்கள். அந்த இரண்டு இலக்கங்களைப் பார்த்தாலே உனக்கு விளங்கும். எங்கள் இரத்தப் பரிசோதனைக்காகக் காத்திராதே. அன்றைக்கே உன் இரத்தத்தைக் கொடு, டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல், கோபியிடம் நானே ஒளித்தேன் என்று சொல். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று நான் சொல்ல மாட்டேன். தம்பி இப்போது என் பக்கத்தில் இருந்து பயற்றங்காய் முறிக்கிறான், ஒவ்வொன்றையும் அளவு பார்த்து முறிக்கிறான். அவனைப் பிழை என்று நான் எழுதவில்லை. நான் செய்ததைத்தான் பிழை என்று எழுதுகிறேன்.

இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதே, தண்ணீரோடு குடி. கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே. என்னோடு கதைக்காவிட்டாலும் தம்பியோடு கதை, ஞாயிற்றுக்கிழமை அவன் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு இருக்கிறான். நீயும் பிள்ளையும் பெரிய சுகத்தோடு வாழ வேண்டும். எனக்குக் கும்பிட்டுப் பழக்கமில்லை, இன்றைக்குக் கும்பிட்டேன்.

உன் அம்மா
கேதீஸ்வரி

18.06.2003, கொழும்பு

கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. காலையில் அப்பாவிடம் தாளைக் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தார். அப்பவே சொல்லியிருந்தால் நானும் வந்து குடுத்திருப்பன் தானே என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டை மாற்றப் போனார். எட்டே காலுக்கு ஃபக்ஸ் போனது. கடையில் நின்ற பெண், யாரு ரிப்போட்டுங்க டீச்சர் என்று கேட்டாள். என் மகனுடையது, என்னுடையதாகவும் இருக்கலாம் என்றேன். வீட்டில் விட ஆளில்லாமல் தம்பியையும் கூட்டிக்கொண்டு ஒன்பது மணி பஸ்ஸில் வந்தோம். மூன்று மணிக்கு அப்பாவிடமும் என்னிடமும் இரத்தம் எடுத்தார்கள். தம்பியும் கையை நீட்டினான். தாதி சிங்களத்தில் தேவையில்லை என்றா, அவன் கையை மடக்கவில்லை. கடைசியில் பஞ்சு வைத்து ஒரு பிளாஸ்ரர் ஒட்டிவிட்டா. முடிவுக்கு மூன்று கிழமை என்றார்கள். நீ பதின்மூன்றில் இருப்பாய்.