காத்திருக்கத் தெரியாத பெட்டி

நவம்பர் 21, 1988

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டேன். பிடிக்காத நாளை விட்டுவிடவும் மாட்டேன்.

லூசியா திருநாள் ஊர்வலத்தில் யார் லூசியாவாக வருவது என்று பள்ளியில் இன்று சீட்டு எடுத்தார்கள். பெர்னிலாவின் பெயர் வந்தது! டிசம்பர் 13 விடியற்காலை, வெள்ளை அங்கியும் தலையில் விளக்குக் கிரீடமுமாக, இருட்டுக் கூடத்தில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் பாடிக்கொண்டு நடந்து வரப்போவது என் தோழி பெர்னிலா. இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவள் ஊன்றுகோலோடுதான் நடக்கிறாள். "தலையில பாரம் ஏறப்போகுதே, அதான் எனக்கு முன்கூட்டியே மூணு கால்" என்றாள். காது வரை சிவந்திருந்தாள்.

பியானோ வாசிக்கத்தான் ஆளில்லை. இசை ஆசிரியை பிரசவ விடுப்பில் போய்விட்டார். இந்தக் காட்டுக்குள் மாற்று ஆள் யார் வருவார்கள்? நான் கையைத் தூக்கினேன். பள்ளியின் கீபோர்டை என் வீட்டுக் கணினியோடு இணைத்தால் அது தானே வாசிக்கும் என்றேன்.

"நிச்சயமா, ஊல்ரிகா?" என்று கேட்டார் தலைமையாசிரியை ஷெர்ஸ்டின்.

நிச்சயம் என்றேன்.

நவம்பர் 26

அம்மாவோடு ஷெலெஃப்டியோ நகரத்துக்குப் போனேன். கணினிக் கடையில் இரண்டு இசை மென்பொருள்கள் இருந்தன. சாம்பல் பெட்டியில் வந்ததன் திரையில் தீப்பெட்டிகளை அடுக்கியது போல எண் போட்ட கட்டங்கள். நீலப் பெட்டியில் வந்தது ஐந்து கோடுகளும் கறுத்த சுரங்களுமாக, அச்சடித்த இசைப் புத்தகம் போலவே இருந்தது. கூடவே தடிமனான கையேடு!

"நேர்ல பாடுறவங்களுக்கா? அப்ப அந்தச் சாம்பலைக் கொஞ்சம் பாரேன்மா" என்றார் கடைக்காரர் கென்னெத்.

நான் பார்க்கவில்லை.

"அழகா இருக்குன்னு வாங்கறியா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா, இதுதான் புரியுது." பாதி உண்மை.

உறையைப் பிரித்தால் திருப்பி எடுக்க மாட்டார்கள். பஸ்ஸிலேயே பிரித்துவிட்டேன்.

டிசம்பர் 2

ஊர்வலத்தின் நான்கு பாட்டுகளையும் கணினியில் ஏற்றி முடித்தேன். கையேட்டை இரண்டு முறை பென்சிலோடு படித்தேன். அப்பா சூப் கிண்ணத்தோடு வந்து வாசலிலேயே நின்று கேட்டார். சூப் ஆறிவிட்டது.

டிசம்பர் 6

ஒத்திகை. எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கதவிலிருந்து மேடைக்கு நடக்க வேண்டும், அவ்வளவுதான். பெர்னிலா பாதி தூரம்கூட வரவில்லை, பாட்டு முடிந்துவிட்டது. பின்னால் வந்த பிள்ளைகள் அவள் முதுகில் இடித்துக்கொண்டு நின்றார்கள். வேகத்தைக் குறைத்தேன், பாடுகிறவர்களுக்கு மூச்சு முட்டியது. அவள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடப்பதில்லை. வலித்தால் நிற்பாள். இசை ஆசிரியை இருந்திருந்தால் தலையைத் திருப்பிப் பார்த்து, கூடவே நின்றிருப்பார். என் பெட்டி ரயில் மாதிரி. கிளம்பினால் போய்க்கொண்டே இருக்கும்.

"ஏய், இப்படி நான் இதுக்குப் பின்னாடி ஓடினா லூசியா இல்லடி, பஸ்ஸை விட்டவ" என்றாள் பெர்னிலா. எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு ஷெர்ஸ்டின் மெதுவாகச் சொன்னார்: "பெர்னிலா, நீ முன்கூட்டியே மேடையில போய் நின்னுக்கயேன். ஊர்வலத்தை வேற யாராவது கூட்டிட்டு வரட்டும். கிரீடம் உனக்குத்தான்."

அவள் கிண்டலாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். "சரி" என்றாள். வெறும் சரி.

டிசம்பர் 7

இன்று எழுத ஒன்றுமில்லை. — பொய். நாள் முழுக்க அழுதேன். கையேட்டில் 'நிறுத்தம்' என்ற அத்தியாயம் இருக்கிறது. நிறுத்தினால் கீபோர்டு சட்டென்று ஊமையாகிறது. திரும்பத் தொடங்கினால் பாட்டின் முதலிலிருந்து. ஐயோ, நான் ஏன் கையைத் தூக்கினேன்? யார் என்னைக் கேட்டாங்க?

டிசம்பர் 8

கென்னெத்துக்குப் போன் செய்தேன். அழக்கூடாது என்று நினைத்தும் அழுதுவிட்டேன்.

"அடடா. சாம்பல் பெட்டி வித்துப் போச்சே. இனி ஜனவரியிலதான் வரும்."

ரிசீவரை வைக்கப் போனேன்.

"இரு, இரு. கடையில அதைப் போட்டுக் காட்டற டிஸ்க் ஒண்ணு இருக்கு. எல்லாம் செய்யும். சேமிக்க மட்டும் செய்யாது."

"அப்படின்னா?"

"அணைச்சா போச்சு."

நாளை பஸ் ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புகிறாராம். பெர்னிலாவே நடக்கட்டும் என்று ஷெர்ஸ்டினிடம் கெஞ்சினேன். கடைசி ஒத்திகை வரை பார்க்கலாம் என்றார்.

டிசம்பர் 11

கணினியைக் கூடத்துக்கே தூக்கிக்கொண்டு போனோம். வீட்டில் ஏற்றினால் எடுத்து வர முடியாதே. பாட்டின் ஒவ்வொரு வரியும் ஒரு கட்டம். எண்ணை அழுத்தினால் அந்த வரி வருகிறது. பிறகு ஒரு சின்ன இடைச்சுரம், நான் அடுத்த எண்ணை அழுத்தும்வரை சுற்றிச் சுற்றி வருகிறது. அவள் நின்றால் பாட்டும் அவளோடு நிற்கும், ஊமையாகாமல்! பார்க்கச் சகிக்காத இந்தத் தீப்பெட்டிகளுக்குள் இது இருந்திருக்கிறது.

எல்லாம் ஏற்றி முடித்தேன். 'அணைக்காதீர்கள்' என்று பெரிதாக எழுதித் திரையில் ஒட்டினேன்.

டிசம்பர் 12

போச்சு. எல்லாம் போச்சு.

காவலாளி ஸ்தூரே தரை மெழுகும் இயந்திரத்துக்காகக் காலையில் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். திரையில் எழுதி ஒட்டினேன், பிளக்கில் ஒட்டவில்லை. அவர் திரையைத் தொடவே இல்லை.

"நான் எதையும் அணைக்கலியே பாப்பா" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

மதியம் கடைசி ஒத்திகை. வகுப்புக்குப் போகாமல் முதலிலிருந்து ஏற்றத் தொடங்கினேன். அவசரத்தில் தப்புத் தப்பாக விழுந்தது. பெர்னிலா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"விடுடி. மேடையிலேயே நின்னுக்கறேன். கால் வலிக்காது, நல்லதுதானே."

"உனக்கு நடக்கணுமா, வேண்டாமா?"

ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நடக்கணும்" என்றாள். "ரொம்ப."

"அப்ப பாடு. நான் மறந்த இடத்தையெல்லாம் பாடிக் காட்டு."

அவள் பாடப் பாட நான் ஏற்றினேன். ஸ்தூரே சுவரோரம் நாற்காலியைப் போட்டு, பிளக்குக்கு முன்னால் காப்பியோடு உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை. ஒத்திகை பாதியில்தான் நான்காவது பாட்டு முடிந்தது. ஷெர்ஸ்டின் முதல் பாட்டுக்கு மட்டும் பெர்னிலாவை நடக்கவிட்டுப் பார்த்தார். "நாளைக்கு அவளே வரட்டும்" என்றார்.

டிசம்பர் 13

கூடம் இருண்டது. கதவு திறந்தது. நான் பெர்னிலாவின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதி வழியில் நின்றாள். முகம் வெளுத்துவிட்டது. நான் எதையும் அழுத்தவில்லை. இடைச்சுரம் ஒருமுறை சுற்றியது. இன்னொரு முறை. பின்னால் இருந்த பிள்ளைகள் தாமாகவே அதை முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அவள் ஊன்றுகோலைச் சரியாக ஊன்றி, கிரீடத்தை நிமிர்த்திக்கொண்டாள். அடுத்த எண்ணை அழுத்தினேன்.

அவள் வலியில் நின்றது யாருக்கும் தெரியவில்லை. "அந்த நடுப்பகுதி ரொம்ப நல்லா இருந்துச்சே, யார் எழுதினது?" என்று யாரோ ஒருவரின் அப்பா கேட்டார்.

எல்லோரும் போன பிறகு ஸ்தூரே பிளக்கின் பக்கத்தில் நின்று, "இனிமே எடுக்கலாமா பாப்பா?" என்றார். நான் திரையைப் பார்த்தேன். எடுத்தால் எதுவும் மிஞ்சாது.

பெர்னிலா வாய் நிறையக் குங்குமப்பூ பன்னோடு சொன்னாள்: "அடுத்த வருஷம் வேற ஒருத்தி வருவா. அவ வேற மாதிரி நடப்பா. எடுக்கச் சொல்லு."

நானே அணைத்தேன். திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தது. ஸ்தூரே எங்கள் மேலங்கிகளை எடுத்துத் தந்து, பெர்னிலாவுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் வெளியே வரும்வரை காத்திருந்துவிட்டு, விளக்குகளை அணைத்தார்.