வாய்தாவுக்குத் தனியாகப் போய் வந்தேன்

மச்சி,

கோர்ட்டுக்கென்று வைத்திருக்கும் வெள்ளைச் சட்டையை இப்போதுதான் கழற்றி மாட்டினேன். பினாயிலும் பழைய காகிதமும் கலந்த அந்த வராந்தா நாற்றம் எத்தனை தடவை துவைத்தாலும் இதிலிருந்து போவதில்லை. இதைப் போட்டால் உனக்கு எப்போதும் கிண்டல்தான். "இன்னா மச்சி, மாப்ள மாதிரி கீற, பொண்ணு எங்க?" என்பாய். காவலுக்கு நிற்கிற போலீஸ்காரரே சிரித்துவிடுவார்.

இன்று கோர்ட் வாசலில் டவாலி பேர் சொல்லி நம் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நான் மட்டும் போய் நின்றேன். நம் வக்கீல் உன் இறப்புச் சான்றிதழைக் கொடுத்தார். உன்மேல் இருந்த வழக்கு முடிந்தது என்று எழுதிக்கொண்டு அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். நீ திருடினாயா இல்லையா என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைக் கேட்கத்தானே இத்தனை வருஷம் கால் கடுக்க நின்றாய்?

வடபழனியில் நாம் வீடியோ எடுக்கப் போன கல்யாணம் அது. மணமகள் அறையில் நகைகளைப் பட்டுத்துணியில் பரப்பி முதலில் படம் எடுப்போம். நீ லைட் பிடித்தாய், நான் கேமரா. ராத்திரி நெக்லஸைக் காணோம் என்றதும், அந்த அறைக்குள் வந்த வெளியாட்கள் நாம்தான் என்று பிடித்துக் கொடுத்தார்கள். நாம் எடுத்த வீடியோவிலேயே, ரிசப்ஷன் மேடையில் அந்தப் பெண் கழுத்தில் நெக்லஸ் மின்னுகிறது. அதன்பிறகு நாம் அந்த அறைப் பக்கமே போகவில்லை. யாராவது ஒருநாள் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்தால் போதும்.

அந்த ஒருநாள்தான் வரவே இல்லை. சாட்சி வரவில்லை, அரசு வக்கீல் லீவு, ஜட்ஜ் மாறிவிட்டார். மயிலாப்பூரில் நம்மை விட்டால் ஆளில்லை என்றவர்கள் வளைகாப்புக்குக்கூடக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். உன் மகளைப் பார்க்க வந்தவர்கள், "கேஸ் முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்று காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். ஆறிப்போன அந்த டம்ளர்களை நீயே எடுத்துப் போய்க் கழுவினாய்.

ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாய்: "நான் இல்லாங்காட்டியும் அந்த வீடியோவ ஜட்ஜய்யாவ ஒரு தபா பாக்கச் சொல்லு மச்சி." சொல்கிறேன் என்றேன். யாரிடம் போய்ச் சொல்வது?

இன்று வெளியே வந்ததும் வக்கீல் என் தோளில் கை போட்டார். "இப்ப ஒரு வழி இருக்கு சார். அவர்தான் எடுத்தார், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடுங்க. போனவர்மேல கேஸ் கிடையாது. உங்களையும் சீக்கிரம் விட்டுடுவாங்க."

எனக்கு ஆசை வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, முட்டி மடங்கவில்லை, வீட்டில் இவளும் அழுது ஓய்ந்துவிட்டாள். வாயைத் திறந்துகூட விட்டேன். உன் மகள் முகம் வந்து நின்றது. திருடன் மகள் என்று என் வாயாலேயே அவளுக்குப் பட்டம் கட்டவா?

"அடுத்த வாய்தா எப்ப சார்?" என்றுதான் கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கோர்ட் லீவு முடிஞ்சுதான். புது ஜட்ஜ் வரணும்."

எனக்குப் பயமாக இருக்கிறது மச்சி. சாவைப் பற்றி இல்லை. அதற்குள் நானும் போய்விட்டால், என் சான்றிதழையும் வாங்கிவைத்துக்கொண்டு அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிடுவார்கள்.